ஒன்பது விமான டிக்கெட்டும் இரண்டு மூட்டைப் பத்து ரூபாய் நாணயமும்

நோட்டு எண்ணும் மெஷினை எப்படித் துடைப்பது, கட்டுக்கு எப்படிச் சீட்டு ஒட்டுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப்போவதில்லை. போடியில் தலைமைக் காசாளராக இருந்தபோது, ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷமே இருந்த நேரத்தில், நான் ஒரு ஜீப்பைத் துரத்திக்கொண்டு மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் போனேன். ஸ்கூட்டரின் பின்னால், காற்றில் பறக்கிற சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. கவுண்டரில் புதிதாக உட்காரும் உங்களுக்கு அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

துரத்தும்படி ஆனதற்குக் காரணம் நானேதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்றைக்கு ஏலக்காய் ஏலத்துக்கு மறுநாள். போடியில் ஏலத்துக்கு மறுநாள் என்றால் வங்கிக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வெள்ளைச் சட்டை வியாபாரிகள், தோட்டக் கணக்கர்கள் என்று வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். ஹால் முழுக்க ஏலக்காய் மணக்கும். பதினொன்றரை மணி வாக்கில் ஒன்பது பெண்கள் இரண்டு மூட்டைகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஏலக்காய் கட்டும் சாக்கு. என் கவுண்டருக்குக் கீழே 'சலங்' என்று வைத்தார்கள்.

முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். காய் பறிக்கிற கை என்று பார்த்ததும் தெரிந்தது. விரல் நுனியெல்லாம் கறுப்பாகக் கறை ஏறியிருந்தது. செல்லத்தாயி என்று பெயரைச் சொன்னார்.

"பூராம் பத்து ரூபா காசு மேடம். நோட்டா மாத்தித் தரணும்."

"எவ்வளவு இருக்கு?"

"மூவாயிரத்து நானூத்தி இருவது காசு. முப்பத்திநாலாயிரத்து எரநூறு ரூவா. ரெண்டு தடவ எண்ணிப்புட்டோம்."

நான் வரிசையைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். செல்லத்தாயியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"இன்னைக்குக் கூட்டம்மா. திங்கட்கிழமை கொண்டாங்க."

சொல்லும்போதே தெரியும், தவறு என்று. காசு கொண்டுவந்தால் வாங்க வேண்டும் என்பது விதி. வாங்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, திங்கட்கிழமை என்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் சண்டை போட்டிருந்தாலாவது உறைத்திருக்கும். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்தவர் செலானை நீட்டினார்.

இரண்டு மணிக்கு கவுண்டரை மூடி டிபன் பாக்ஸைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து காதர் பாய் வந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருப்பவர். பஸ், ரயில், விமானம் எல்லாம் போடுவார். அன்றாட வசூலை எங்களிடம்தான் கட்டுவார். வந்ததும் வராததுமாகச் சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பாக இல்லை.

"மேடம், ஒம்பது பொம்பளைங்களை நீங்க திருப்பி அனுப்புனீங்களா?"

"திங்கக்கிழமை வரச் சொன்னேன் பாய். ஏன்?"

"திங்கக்கிழமை பிளேன் டிக்கெட்டு என்ன விலை விக்குமோ யாரு கண்டா?"

கையில் எடுத்த உருண்டை கையிலேயே நின்றது.

பாய் சொன்னார். அந்தப் பெண்கள் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள். அந்தப் பக்கத்துக் கடையில் மிச்சத்தைப் பத்து ரூபாய்க் காசாகத்தான் தருவார்கள். மலை இறங்கி இங்கே வந்தால் அந்தக் காசை யாரும் தொட மாட்டார்கள். செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்ட புரளி, போடியில் இன்னும் சாகவில்லை. பஸ்சிலும் வாங்குவதில்லை, டீக்கடையிலும் வாங்குவதில்லை. சரி, போகட்டும் என்று ஒரு தகர டின்னில் போட்டுவைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நாலு வருஷம். டின் நிறைய நிறைய, இந்தக் காசை வைத்து என்ன செய்யலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. செல்லத்தாயி சொல்லியிருக்கிறார்: "மதுரையில இருந்து மெட்ராசுக்குப் பிளேன்ல போவோம். கடலப் பாத்துட்டு நம்ம போடி ரயில்ல திரும்பி வந்துருவோம்."

"ஆளுக்கு மூவாயிரத்து எண்ணூறு மேடம். நேத்து ராத்திரி போன்ல விலை கேட்டாங்க, சொன்னேன். இன்னைக்கு ஒரு நாள் கூலிய விட்டுட்டு எறங்கி வந்துருக்காங்க. அந்த விலையில ஒம்பதே சீட்டுதான் கெடக்குது. என் பதிவுக் கணக்குல பன்னெண்டாயிரம் இருக்கு. மூணு பேருக்குப் போட்டுருவோமான்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மூணு பேரு மேல போறதை ஆறு பேரு கீழ நின்னு அண்ணாந்து பாக்கவான்னு கேட்டுச்சு அந்தம்மா. நான் என்ன பதில் சொல்ல? மூட்டைக் காச நானே வாங்கிருவேன் மேடம். வாங்கி எவன் தலையில கட்டுறது? இப்பத்தான் ஜீப்புல ஏறிப் போறாங்க."

நான் எழுந்தேன். டிராயரைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகினேன். கண்ணாடி அறைக்குள் இருந்த மேலாளரிடம் "சாப்பாட்டு நேரத்துல வெளியில போயிட்டு வர்றேன் சார்" என்றேன். அவர் கோட்டயத்துப் பையன், போடிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தலையை ஆட்டினார். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"பாய், வண்டிய எடுங்க."

"எங்க?"

"முந்தல். செக்போஸ்ட்ல எல்லா ஜீப்பும் நின்னுதான் ஆகணும்."

காதர் பாய்க்கு அறுபது வயது. அவருடைய ஸ்கூட்டருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். இருவரும் அன்றைக்கு இளமை திரும்பியவர்கள் மாதிரி ஓடினார்கள். ஊர் தாண்டியதும் மாந்தோப்புகளுக்கு நடுவில் ரோடு நேராக மலையைப் பார்த்துப் போகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயதில், வங்கியின் சாவி இடுப்பில் குத்த, பசியோடு ஒரு ஜீப்பைத் துரத்துகிறேன். "என்ன மேடம் சிரிக்கிறீங்க?" என்று பாய் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். எதிரே வந்த லோடு லாரிக்காரர் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

முந்தல் செக்போஸ்ட்டில் அந்த ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்பக்கம் ஒன்பது பேர், நடுவில் இரண்டு மூட்டை. நான் கையை ஆட்டிக்கொண்டே இறங்கி ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர்களில் இளையவள், ராசகனி என்று பெயர், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா! பேங்க் மேடம் புடிக்க வருது! அந்தக் காசு செல்லாதுன்னு அன்னைக்கே சொன்னாங்க. நம்மளக் கொண்டுபோயி உள்ள வைக்கப் போறாங்க!"

செக்போஸ்ட் காவலர் திரும்பிப் பார்த்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழத் தயாரானார்கள். செல்லத்தாயி மட்டும் மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நாங்க ஒழச்ச காசு மேடம்" என்றார்.

எனக்கு மூச்சு வாங்கியது. "செல்லும்மா," என்றேன். "பூராம் செல்லும். தப்பு என் மேலதான். இப்பவே மாத்தித் தர்றேன், வாங்க."

ஜீப்புக்குள் ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், செக்போஸ்ட்டில் உட்கார்ந்திருந்த குரங்கெல்லாம் மரத்துக்கு ஓடிவிட்டது. ஜீப் ஓட்டுநர் உடனே வண்டியைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே, "வெரசா உக்காருங்க ஆத்தா. பிளேனுக்குப் போறவுகள ஏத்திக்கிட்டுப் போறேன், ஒரு பய ஓவர்டேக் பண்ணக் கூடாது!" என்றார். ஸ்கூட்டரை முந்திக்கொண்டு அந்த ஜீப்தான் முதலில் போடிக்குப் போய்ச் சேர்ந்தது.

வங்கிக்குள் நுழைந்தபோது மணி மூன்று. மேலாளர் மூட்டைகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். காலையில் நான் செய்ததையே அவரும் செய்தார்.

"இன்னு பற்றில்ல சேச்சி, இன்னைக்கு முடியாது. இத்தனை கூட்டத்தை வச்சுக்கிட்டு எப்படி எண்ணுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்தாயி முன்னால் வந்தார். மலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் வாயில் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு.

"சாரே, ஞங்ஙளுடெ கூலி போயி, ஜீப்புக் காசு போயி. இனி விமானமும் போகணோ?"

மேலாளருக்கு முகம் அப்படியே மாறிவிட்டது. ஒரு மாதமாக எங்கள் மதுரைப் பேச்சில் மாட்டிக்கொண்டு முழித்தவர். சொந்த வீட்டுக் கதவைத் திறந்தது மாதிரி சிரித்தார். "ஐயோ, போகண்டா, போக வேணாம்!" என்றார். "எடை போடுங்க. நூறு காசு எவ்வளவுன்னு பார்த்துட்டு, மொத்தத்தையும் நிறுத்துருங்க."

நல்ல யோசனைதான். எதிர்க்கடை ஏலக்காய் வியாபாரி வரிசையில்தான் நின்றார். அவரே ஓடிப்போய் மின்தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் நூறு காசை எண்ணி நிறுத்தோம். பிறகு மூட்டைகளை நிறுத்தோம். கணக்குப் போட்டேன். இடித்தது. அவர்கள் சொன்னது மூவாயிரத்து நானூற்று இருபது. எடைப்படி அறுபது காசுக்குப் பக்கமாக அதிகம்.

"கையில இருக்கிற கறைதான் காசெல்லாம் ஏறிக் கெடக்கு. அந்த எடையா இருக்கும்," என்றேன்.

"தராசு தப்பா இருக்கும்," என்றார் மேலாளர்.

வியாபாரிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என் தராசையா சார் சொல்றீக? கிராம் கணக்குல காய் நிறுக்கிற தராசு சார் இது!"

மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அவங்க சொன்ன தொகையைக் கொடுத்துருங்க. காசு கூடத்தானே இருக்கு, குறையலையே. அப்புறமா எண்ணிக்கலாம்."

இந்த இடத்தில்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எண்ணாத காசுக்கு என் முப்பத்தைந்து வருஷத்தில் நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. எடை கூட இருக்கிறது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கலாம். வாஷர் இருக்கலாம், வேறு நாட்டுக் காசு இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்து நாளைக்குத் தெரியவந்தால், பழி அந்த ஒன்பது பேர் தலையில் விழும். "எண்ணிட்டுத்தான் சார் கொடுப்பேன்," என்றேன்.

நான் தனியாக எண்ண ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், காதர் பாயின் போன் அடித்தது. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். பாய் போனை ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்னங்க, ஒரு சீட்டு போயிருச்சு! எட்டுதான் பழைய விலை. ஒம்பதாவது நாலாயிரத்து அறுநூறு காட்டுது!"

ஹால் முழுவதும் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணூறு ரூபாய். என் பிடிவாதத்தின் விலை.

"நான் வரலக்கா," என்றாள் ராசகனி. "நீங்க எட்டுப் பேரும் போயிட்டு வாங்க."

"வாய மூடு," என்றார் செல்லத்தாயி.

அப்புறம் நடந்ததற்கு யார் உத்தரவும் இல்லை. வியாபாரி தன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "கொட்டுங்க மேடம்!" என்றார். மூட்டையைக் கொட்டினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கணக்கர்கள், ஜீப் ஓட்டுநர், வாசல் காவலாளி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் மேலாளர். ஆளுக்கொரு குவியல். பத்துப் பத்தாக அடுக்கு. நான் நடுவில் நின்று அடுக்குகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வியாபாரி ஒரு காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"மேடம், இது ஒண்ணு இல்ல! ரெண்டு!"

வாங்கிப் பார்த்தேன். இரண்டு காசு, முகத்தோடு முகம் ஒட்டி, ஒரே காசு மாதிரி. காய் பறித்த கையோடு டின்னில் போட்டுப் போட்டு, அந்தப் பிசினும் மலை ஈரமும் சேர்ந்து நாலு வருஷத்தில் பசையாகப் பிடித்திருக்கிறது. நகத்தால் நெம்பினேன். 'டிக்' என்று பிரிந்தது. வாஷரும் இல்லை, வேறு நாட்டுக் காசும் இல்லை. தராசு சரி. அவர்கள் எண்ணியதுதான் தப்பு. அதுவும் தங்களுக்கு நஷ்டமாக எண்ணியிருக்கிறார்கள்.

"இங்க ஒரு ரெட்டை!" என்று கத்தினார் ஒரு கணக்கர்.

"எனக்கு இரட்டக்குட்டிகள்!" என்றார் மேலாளர்.

அவ்வளவுதான். அது வங்கியாக இல்லை, கல்யாண வீடாகிவிட்டது. ஒவ்வொரு ஒட்டுக்காசு பிரியும்போதும் ஹாலே "ரெட்டை!" என்று கத்தியது. செல்லத்தாயி ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினார். ஓட்டுநர் ஒட்டாத காசையெல்லாம் பிரிக்க முயன்று பல்லால் கடித்துப் பார்த்தார். காதர் பாய் போனில் நேரடி வர்ணனை செய்தார்: "முப்பத்தியெட்டு ஆச்சு! நாப்பது! நீ சீட்டப் பாத்துக்க, கண்ண எடுக்காத!" எனக்கு எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று பயம். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எண்ண முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் மூவாயிரத்து நானூற்று எண்பத்தொன்று. அறுபத்தொன்று ரெட்டை. அறுநூற்றுப் பத்து ரூபாய் கூடுதல்.

"இன்னும் நூத்தித் தொண்ணூறு குறையுதே," என்றேன். என் பர்ஸைத் திறந்தேன். அதைவிடக் குறைவாக நான் என்ன செய்ய முடியும்? செல்லத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் மேடம். இது எங்க காசுல போற பிளேனு."

ஒன்பது பேரும் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். மலை ஏறுவதற்கு வைத்திருந்த ஜீப் கூலி. அதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு சேர்ந்தது.

"அப்ப எனக்கு?" என்றார் ஓட்டுநர். பிறகு அவரே கையை உதறினார். "மெட்ராசுக்குப் போயிட்டு வந்து குடுங்க. கடல்ல இருந்து எனக்கு ஒரு சிப்பி கொண்டாங்க, வட்டிக்கு."

நோட்டுகளை எடுத்து வைத்தேன். நேராகப் பாய் கணக்கில் வரவு வைத்திருக்கலாம். செல்லத்தாயி கையை நீட்டினார். "ஒரு தடவ கையில தாங்க மேடம். பாத்துட்டுத் தர்றோம்." முப்பத்தைந்தாயிரம் ரூபாய் ஒன்பது கைகள் வழியாகப் போனது. ஒருத்தி எடை பார்த்தாள். "நாலு வருசம் தூக்க முடியாமக் கெடந்துச்சு, இப்பப் பாரு, காத்துல பறந்துரும் போல," என்றாள். ராசகனி மோந்து பார்த்தாள். காதர் பாய் ஒரு காலில் நின்று தவித்தார். "ஆத்தா, விலை ஏறுதாத்தா!" நோட்டு அவர் கைக்கு வந்து, என் கைக்கு வந்து, அவர் கணக்கில் ஏறியது. மூன்று நாற்பதுக்குப் போனில் குரல் வந்தது.

"ஒம்பதும் போட்டாச்சுங்க!"

வங்கியில் கைதட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிவிட்டுத்தான் கொடுப்பேன் என்று நான் நின்றது சரியா? அதனால்தான் ஒரு சீட்டு விலை ஏறியது. அதனால்தான் ரெட்டைகளும் அன்றைக்கே கிடைத்தன. மேலாளர் சொன்னபடி கொடுத்திருந்தால், ஒன்பதும் பழைய விலையில் கிடைத்திருக்கும். அந்த அறுநூற்றுப் பத்தும் மறுநாள் அவர்கள் கைக்குப் போயிருக்கும். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தீர்ப்பு தெரியவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்து அவர் சொன்னதைச் செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காலையில் செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "எதுக்கும்மா, எப்ப வேணும்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்க இரண்டு நொடிகூட ஆகாது. அதற்குப் பிறகு என் கடைசி வருஷம் முழுக்க, யாரையும் இன்னொரு நாள் வரச் சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்டேன். பெரும்பாலும் அவசரம் இல்லை என்றுதான் பதில் வந்தது. அப்படி வந்தபோதும் கேட்டதில் எனக்கு நஷ்டமில்லை.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் ஒரு கூட்டமான நாள். வரிசையில் செல்லத்தாயி நின்றார். அவர் முறை வந்தது. கையில் செலானும் இல்லை, காசும் இல்லை.

"சொல்லுங்கம்மா."

"ஒண்ணுமில்ல மேடம். போயிட்டு வந்தோம்னு சொல்லிட்டுப் போகத்தான்."

பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எப்படி இருந்துச்சு?"

"தோட்டத்துல தெனமும் காலையில மேகத்துக்குள்ள நின்னுதான் மேடம் வேலை பாக்குறோம். பக்கத்துல இருக்கிறவ தெரிய மாட்டா. அதனால மேகம் எங்களுக்குப் பெரிசில்ல. பிளேன் மேல போயி, மேகத்தத் தாண்டிப் போயிருச்சு. அப்பத்தான் பாத்தோம். மேகத்துக்கு முதுகு இருக்கு மேடம்! அம்புட்டு வெயிலு அது மேல!"

பின்னால் நின்றவர் செலானைக் கீழே இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"ராசகனி எந்திரிச்சே நின்னுட்டா. மேகத்து மேல எறங்கி நடந்து பாக்கணுமாம். ரெண்டு பொண்ணுங்க ஓடியாந்து பெல்ட்டப் போட்டு உக்கார வச்சாங்க. அவ விடல மேடம். ஜன்னல்ல மூஞ்சிய ஒட்டிக்கிட்டு, மெட்ராசு வர்ற வரைக்கும் அந்த மேகத்துக்கிட்டயே கேட்டுக்கிட்டு வந்தா, 'ஏ, எங்க தோட்டத்துக்கு வர்றது நீதானா?'ன்னு."